படகுப் பலகையும் திங்கட்கிழமைக் கொழுந்தும்

அன்று என் கணவர் தேநீரை உறிஞ்சினார். துப்பவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருப்பவர்கள் நம்மைப் போலத் தேநீர் குடிப்பதில்லை. ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று இழுப்பார்கள். நாக்கில் ஒரு உருட்டு. பக்கத்திலிருக்கும் உயரமான பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்ந்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுபோகும் நேரத்தில் அவர் பெரும்பாலும் இந்த வேலையில்தான் இருப்பார். ஜன்னலோரம் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். அவர் நடந்துகொண்டே உறிஞ்சுவதும் துப்புவதும் எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை. மூன்றாவது கோப்பையில் நின்றார். வாயில் தேநீரோடு என்னைப் பார்த்தார். விழுங்கினார்.

"இங்க வா. இதை மோந்து பாரு."

கோப்பையை வாங்கி முகர்ந்தேன். தேயிலை வாசம் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. புதிதாகச் சாயம் அடித்த நாற்காலியில் உட்காரப் போகும்போது மூக்கில் ஏறுமே, அந்தக் காரம். எனக்கு அது பழகிய வாசம். ஆறு வாரமாக என் விரல் இடுக்கிலும் சேலைத் தலைப்பிலும் ஒட்டிக்கிடந்தது.

"நம்ம பலகைங்க," என்றேன்.

அவர் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். நாலாவது கோப்பையை எடுத்தார். அதுவும் அப்படித்தான். ஐந்தாவதும் அப்படித்தான். நான் கொண்டுபோன கேரியரை அன்று யாரும் திறக்கவில்லை.

வாசகரின் கேள்வி

அணை கட்டிய பிறகு படகில் போய்ப் பிரசவம் பார்த்ததைப் பற்றிப் போன வாரம் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். உடப்புசல்லாவையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். "அலுமினியப் படகு என்கிறீர்கள், பலகை பெயர்ந்தது என்றும் எழுதுகிறீர்கள். எது உண்மை?"

இரண்டும் உண்மைதான் ஐயா. உடம்பு அலுமினியம், உள்தளம் மரம். அந்த மரத்துக்கு எண்ணெய் பூசப் போய்த்தான் செவ்வாய்க்கிழமைத் தேநீர் கெட்டது. அதை முதலிலிருந்தே சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் ராகலைப் பக்கத்துப் பெண். தோட்ட மருத்துவச்சியாக வேலை கிடைத்து, கல்யாணமும் முடிந்து, ஹட்டனுக்குக் கீழே உள்ள அந்தத் தோட்டத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தொழிலாளர்கள் என்னை 'மிஸி' என்பார்கள். ஆற்றை மறித்து அணை கட்டியதும் பள்ளத்தாக்கில் நீர் ஏறியது. பழைய பாதை, சின்னப் பாலம், ஒரு மாரியம்மன் கோயில் எல்லாம் உள்ளே போயின. தோட்டத்தின் ஒரு பிரிவை நாங்கள் 'கணக்கு' என்போம். அப்படி ஒரு கணக்கு மட்டும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தனியாகிவிட்டது. மலையைச் சுற்றி நடந்தால் அரை நாள். குறுக்கே போனால் கால்மணி நேரம்.

தோட்டத்தை நிர்வகித்த பழைய வெள்ளைக்காரத் துரைக்கு மீன் பிடிக்கிற பைத்தியம் இருந்தது. நுவரெலியா ஏரியில் தூண்டில் போட ஒரு சின்ன அலுமினியப் படகு வைத்திருந்தார். தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போகும்போது அதை எடுத்துப் போக முடியவில்லை. உர ஸ்டோரில் கவிழ்ந்துகிடந்தது. புதிதாக வந்த சிங்களத் துரை அதைத் தூசி தட்டி, "அக்கரைக் கணக்குக்குப் போய்வர வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தார்.

படகோட்ட மாயழகு வந்தார். அதுவரை தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். தண்ணீரில் இறங்கியே பழக்கமில்லை. ஒரே வாரத்தில் துடுப்பு அவர் கைக்கு அடங்கிவிட்டது.

உடைந்த பலகை

அலுமினியத் தகடு மெல்லியது. கால் ஊன்றி நின்றால் நெளியும். குறுக்கே விலா எலும்பு போலச் சட்டங்கள் ஓடும். அவற்றின் மேல் பலகை பரப்பினால்தான் மனிதர் நிற்கலாம், உட்காரலாம், முடியாதவர்களைப் படுக்கவைக்கலாம்.

பழைய பலகைகள் உளுத்துப் போயிருந்தன. தொழிற்சாலைத் தச்சர் பியதாச (தச்சர்களை நாங்கள் 'பாஸ்' என்போம்) தேயிலைப் பெட்டி செய்கிற ஒட்டுப் பலகையை வெட்டிப் போட்டுக் கொடுத்தார். மேலே வார்னிஷ் அடித்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. நான்கூடக் குனிந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் அக்கரைக் கணக்கில் பேச்சியம்மாளுக்கு வலி எடுத்தது. ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. அங்கே வைத்து என்னால் ஆகாது. கம்பளியில் தூக்கிவந்து படகில் கிடத்தினோம். பட்டப்பகல், மெல்லிய மழை. நடுத் தண்ணீரில் மாயழகு துடுப்பை மாற்றிப் போட எழுந்தார். சடக்கென்று அவர் கால் பலகைக்குள் கணுக்கால் வரை இறங்கியது. பேச்சியம்மாளின் தலைக்கு ஒரு சாண் தள்ளி. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் அவள் மேல் குப்புற விழுந்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன்.

"அசையாதீங்க மிஸி," என்றார் மாயழகு. மெதுவாகக் காலை உருவினார். ரத்தம் வழிந்தது. அதோடு உட்கார்ந்து துடுப்புப் போட்டார். கரை வந்தோம். லொறி காத்திருந்தது. ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மாயழகு காலுக்கு நான் கட்டுப் போடும்போது சொன்னார்: "மிஸி, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தளம் சரியாகுற வரைக்கும் படுத்த நோயாளிய நான் ஏத்த மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு."

மரம் எந்தப் பக்கம் குடிக்கும்?

நல்ல வார்னிஷ். மூன்றே வாரம். எப்படி இற்றுப்போனது? எனக்கு அது புரியவில்லை. புரியாத விஷயத்தை அப்படியே விட்டுவிடவும் எனக்குத் தெரியாது.

பலகைகளைக் கழற்றச் சொன்னேன். மேல்பக்கம் இன்னும் மின்னியது. திருப்பினால் கறுப்பு. ஏடு ஏடாக உரிந்து, ஊறிய பாடப்புத்தகம் மாதிரி கையோடு வந்தது. பித்தளைத் திருகாணி பட்ட இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டால் மாவாக உதிர்ந்தது.

"அடியில ஏன் பூசல பாஸ்?"

பாஸ் சிரித்தார். "அடியில யாரு பாக்கப் போறது மிஸி? தண்ணி மேலதானே விழுவுது."

"கீழே தேங்குதே."

"ஹரி," என்றார், சரிதான் என்பதைச் சிங்களத்தில். கொஞ்ச நேரம் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹரி, ஹரி."

டிஸ்பென்சரியில் மருந்து நிறுக்கிற சின்னத் தராசு இருந்தது. தேயிலைக்கு நிழல் தருகிற, மலையில் சவுக்கு என்று சொல்கிற சில்வர் ஓக் மரத்தில் தீப்பெட்டி அளவுக்கு நான்கு துண்டு வெட்டித் தரச் சொன்னேன். ஒன்றுக்கு ஒன்றும் பூசவில்லை. இரண்டாவதுக்கு மேலே மட்டும் வார்னிஷ். மூன்றாவதுக்குப் பக்கமெல்லாம் பூசி, வெட்டிய இரண்டு முனைகளை மட்டும் விட்டேன். நாலாவதுக்கு முனை, பக்கம், திருகாணித் துளை ஒன்றுவிடாமல், பாஸிடம் கொஞ்சம் இருந்த ஆளிவிதை எண்ணெய். நான்கையும் தண்ணீரில் போட்டு, தினமும் துடைத்து நிறுத்தேன்.

மூன்றாவது துண்டுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. முனை இரண்டும் விரல் நகம் அளவுதான். அந்த வழியாகவே அது, ஒன்றும் பூசாத துண்டைவிடக் கொஞ்சமே குறைவாகத் தண்ணீர் குடித்திருந்தது. மரம் உயிரோடு இருக்கும்போது வேரிலிருந்து நீரை ஏற்றிய குழாய்கள் வெட்டிய பிறகும் வாய் திறந்தே இருக்கின்றன என்று அப்போது புரிந்தது. நாலாவது துண்டு எட்டாம் நாளும் ஏறக்குறைய அதே எடை.

பாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். தராசையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இருபத்தஞ்சு வருசமா நான் முனையில ஒண்ணும் பூசினதே இல்ல மிஸி," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

ஹட்டன் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் ஆளிவிதை எண்ணெய் வாங்கப் போனேன். படகுக்கு என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர் மச்சான் பேருவளையில் மீன் வள்ளம் வைத்திருந்தவராம்.

"முதல் பூச்சுக்கு டர்பன்டைன் நெறையக் கலந்து தண்ணியா பூசுங்க மிஸி. உள்ள இறங்கணும். ரெண்டாவது கொஞ்சம் கெட்டியா. கடைசிப் பூச்சு கெட்டியா இருக்கட்டும், அதுல மெல்லிசா மணல் தூவுங்க, இல்லாட்டி வழுக்கி விழுவீங்க. பித்தளை அலுமினியத்துல படக்கூடாது, நடுவுல சைக்கிள் டியூப் வெட்டி வைங்க." சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்தார். "எல்லாம் சரி. வெயிலுக்கு எங்க போவீங்க?"

வெயிலுக்குப் போன இடம்

பதினாலு பலகை. பாஸ் இழைத்தார். நானும் மாயழகும் டிஸ்பென்சரி விறாந்தையில் உட்கார்ந்து பூசினோம். முதல் பூச்சை மரம் உறிஞ்சிக்கொண்டது. இரண்டாவது ஒரு வாரத்தில் காய்ந்தது. மணல் தூவிய கடைசிப் பூச்சு காயவே இல்லை. பன்னிரண்டு நாள் பனியும் தூறலும். விரல் வைத்தால் விரலோடு நூல் வந்தது. அக்கரையில் ஒன்பதாம் மாதத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

தோட்டத்தில் எப்போதும் காற்று ஓடுகிற, சூடான, காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். தொழிற்சாலை மாடி. பறித்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுகிற இடம். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராது. ஞாயிறு மத்தியானம் முதல் திங்கள் காலை வரை தட்டுகள் சும்மா கிடக்கும்.

"முடியாது," என்றார் என் கணவர்.

"ஒரே நாள்தாங்க."

"நீ சொல்றது புரியுது. ஆனா தேயிலை எதையும் இழுத்துக்கும். அந்த மாடியில பீடிகூடப் புடிக்க விடமாட்டேன்."

"கொழுந்து வர்றதுக்கு முன்னால எடுத்துடுறோம். அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரையும் நெனச்சுப் பாருங்க."

கெட்டிக்காரத்தனமாகப் பேசினேன் என்று அன்று எனக்கு ஒரு பெருமை. அவர் ஞாயிறு மத்தியானத்திலிருந்து விடிய விடிய விசிறியை ஓடவிட்டார். திங்கள் காலை பலகைகள் கல் மாதிரி காய்ந்திருந்தன. தூக்கிக்கொண்டு போய், டியூப் துண்டு வைத்துத் திருகி முடித்தோம். மாயழகு தளத்தின் நடுவில் நின்று குதித்துப் பார்த்தார். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பலகையை எடுத்தோம். சாக்கு அங்கேயே இருந்தது. எண்ணெய் வாசத்தை அது இரவு முழுக்கக் குடித்திருந்தது. மரம் எங்கே குடிக்கும் என்று எட்டு நாள் நிறுத்துப் பார்த்த எனக்கு, சாக்கும் குடிக்கும் என்று தோன்றவே இல்லை. திங்கள் மத்தியானம் வந்த கொழுந்து அதன் மேல்தான் படுத்தது.

யார் குடிப்பது?

என் கணவர் நினைத்திருந்தால் அந்தத் தூளை வேறு தூள்களோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மறைத்திருக்கலாம். அவர் நேராகத் துரையிடம் போய்ச் சொன்னார். பலகை வைக்க அனுமதித்தது தான்தான் என்றார். என் பெயரை எடுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொண்டுவந்து மேசை இழுப்பறையில் வைத்தார். சாக்குகளை எல்லாம் துவைக்கப் போட்டார். அந்தத் தூள் கொழும்புக்குப் போகாது என்று மட்டும் சொன்னார். எரித்துவிடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பேச்சியம்மாளின் பிள்ளையைப் பார்க்க அக்கரைக்குப் போனேன். புதுத் தளத்தில் மழை விழுந்து முத்து முத்தாக உருண்டது. அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பேச்சியம்மாள் தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். "குடிங்க மிஸி. இந்த மாசம் புது மாதிரித் தூள் குடுத்திருக்காங்க. வாசத்தப் பாத்தா உசந்த சாதி போல இருக்கு."

கோப்பை என் வாய்க்கு வரும் முன்பே தெரிந்துவிட்டது.

தொழிலாளர்களுக்கு மாதா மாதம் தோட்டம் தருகிற தூள் அது. என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வாய் குடித்தேன். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, எண்ணெய், மாடி, சாக்கு, எல்லாவற்றையும்.

பேச்சியம்மாள் பிள்ளையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"குடிச்சா ஒடம்புக்கு ஏதாவது செய்யுமா மிஸி?"

"செய்யாதுன்னுதான் நெனைக்கிறேன். வாசம்தான்."

"அப்ப கொழும்புக்காரவுங்களுக்கு ஏன் குடுக்கல?"

அந்தக் கேள்வியோடுதான் படகில் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் கேட்டேன். "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"துரை சொன்னாரு. தொழிலாளிங்க லயத்துக்குப் போட்டுடுன்னாரு."

"நீங்க ஒரு வாய் விழுங்கிட்டு அன்னிக்குச் சாப்பிடவே இல்ல. அவுங்க மாசம் பூரா குடிக்கணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "மாடியில வெச்சது யாரு?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்று நடை

மறுநாள் காலை ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு அக்கரைப் பெண்கள் கொழுந்துக் கூடையோடு வந்து நின்றார்கள். பேர் பதிகிற இடத்தில் நிற்காமல் நேரே படகுத்துறைக்கு இறங்கினார்கள். ஆளுக்கொரு துணி முடிச்சு. மாயழகு மூன்று நடை போட்டார். "ஏன்னு கேக்காதீங்க மிஸி, நான் படகுதான் ஓட்டுறேன்," என்றார்.

தொழிற்சாலை வாசலில் பேச்சியம்மாள் முன்னால் நின்றாள். பிள்ளை முதுகில் கட்டியிருந்தது. சத்தம் போடவில்லை.

"டீமேக்கர் ஐயா, இந்தத் தூள் எங்களுக்கு வேணாங்க. நாங்க பறிச்ச கொழுந்துதான். ஆனா இது வேணாம்."

என் கணவர் அவள் நீட்டிய முடிச்சைப் பிரித்து முகர்ந்தார். துரையின் பங்களாவுக்கு டெலிபோன் இருந்தது. அதை எடுக்கவில்லை. ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு முடிச்சாகத் தன் கையாலேயே வாங்கிக் கொட்டினார். பிறகு கொழும்புக்குப் போக அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றை உடைத்தார். அதே துணியில் அதே அளவு அள்ளிப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். மற்றக் கணக்குகளிலும் தூளை மாற்றிக் கொடுக்க ஆள் அனுப்பினார். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "ஆபீசுக்குப் போறேன். அவரா கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிடுறேன்," என்று இறங்கிப் போனார்.

இழுப்பறையில் இரண்டாவது கடிதம் சேர்ந்தது. வேலை போகவில்லை. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை.

பெண்கள் திரும்பும்போது நானும் படகில் ஏறிக்கொண்டேன். பேச்சியம்மாள் தளத்தில் உட்கார்ந்து பலகையைக் கையால் தடவினாள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் குடிக்கும், முனையை ஏன் விடக்கூடாது, எத்தனை பூச்சு என்றெல்லாம். அவள் கவனமாகக் கேட்டாள்.

"எங்க வீட்டுக் காம்பராக் கதவு அடியில ஊறி உளுத்துப் போச்சு மிஸி. அதுக்கும் இது ஆகுமா?"

மூன்று வருடமாக அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறேன். மழைக்காலத்தில் அது தரையில் உரசி நிற்கும், தோளால் முட்டுவேன். தீப்பெட்டி அளவு மரத்துண்டை எட்டு நாள் நிறுத்துப் பார்த்தவள், அந்தக் கதவை ஒரு தடவையும் குனிந்து பார்த்ததில்லை.

"ஆகும்," என்றேன்.

மிச்ச எண்ணெயோடு அடுத்த ஞாயிறு நானும் பாஸும் மாயழகும் போனோம். பாஸ் உளுத்த பகுதியை அறுத்துப் புதுக் கட்டை வைத்தார். நானும் லயத்துப் பெண்களும் பூசினோம். அந்த லய வரிசையில் ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். எண்ணெய் ஒன்பது கதவுக்கு வந்தது.

திங்களும் செவ்வாயும் தோட்டம் முழுக்கச் சுற்றினேன். புதன்கிழமை துரையின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். பலகையை மாடியில் வைக்கச் சொன்னது நான்தான் என்று முதலில் சொன்னேன். "தெரியும்," என்றார். பிறகு கதவு விஷயம் சொன்னேன்.

"எத்தனை கதவு பாக்கி?" பேனாவை எடுத்தார்.

"அந்த லயத்தில் மூன்று சார்."

"மூன்று," என்று எழுதினார்.

"மற்ற லயங்களில் நூற்று எண்பத்து நான்கு."

பேனா நின்றது. "நீங்கள் எண்ணினீர்களா?"

"ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்து எண்ணினேன் சார்."

அவர் 'மூன்று' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'நூற்று எண்பத்தேழு' என்று எழுதினார். எண்ணெய் வந்து சேர ஒரு மழைக்காலம் ஆனது. ஆனால் வந்தது.